கிட்டிக்கு நான் எழுதிய குறிப்பு

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தீர்கள். பெயர் தெரியாத பழைய கைக்கருவி ஒன்று நம் கைக்கு வந்தால் அது எதற்கானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். அளப்பது, படம் எடுப்பது, எண் கொடுப்பது, பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் துறைக் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் வெட்கப்படுகிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது.

தேனிப் பக்கம் நான் பொறுப்பில் இருந்த அருங்காட்சியகம் சிறியது. ஐந்து அறைகள், ஒரு காவலர், ஒரு உதவியாளர், நான். விளக்க அட்டை எழுதுவதும் நான், அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் நான். இதில் இருக்கிற ஆபத்து அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் எனக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்திருந்தது. உத்தமபாளையத்தில் பழைய குடோன் ஒன்றை இடித்தபோது, பித்தளைப் பூண் போட்ட பிடியும் கூரான முனையும் உள்ள ஒரு இரும்புப் பொருளைக் கண்டெடுத்தார்கள். பாளையக்காரர் காலத்துக் குத்துவாள் என்று ஊரே சொன்னது. நான் அதன் நடுப்பள்ளத்தை ஒரு ஊசியால் சுரண்டிப் பார்த்தேன். ஒட்டிக் காய்ந்திருந்தது மிளகு. மூட்டையைப் பிரிக்காமல் குத்தி, உள்ளே இருக்கும் சரக்கைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பார்க்கிற குத்தூசி அது. வியாபாரி வசதியானவராக இருந்திருக்க வேண்டும், பூண் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார். மேலிடத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அதை நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படிக் கனம் ஏறியிருந்த நேரத்தில்தான் பொன்னுச்சாமி போன் செய்தார். வடுகபட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் வாழை போட்டிருக்கும் விவசாயி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். பழைய மாட்டுக் கொட்டத்தை இடித்து வீடு கட்டப்போவதாகவும், பரணில் கிடக்கும் சாமான்களை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நானும் உதவியாளரும் போனோம்.

ஏர், நுகத்தடி, கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைச் சால் எல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்கு அடியில் கிடந்தது இது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இரண்டு மரக்கட்டைகள். ஒரு முனையில் இரண்டையும் தோல்வாரால் சேர்த்துக் கட்டியிருந்தது. மறுமுனை விரியும், மூடும். ஒரு பெரிய பாக்குவெட்டியை மரத்தில் செய்ததுபோல.

"இது என்னங்கய்யா?" என்று கேட்டேன்.

"அது கிட்டி மேடம்."

எனக்கு அங்கேயே உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் காலத்தில் வரி கட்டாதவர்களின் விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்குவார்கள், அதற்குக் கிட்டி என்று பெயர் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். படித்ததுதான், யாரும் பார்த்ததில்லை. இதோ என் கையில் இருக்கிறது.

"எதுக்குப் பயன்படுத்துவாங்க?"

பொன்னுச்சாமி பக்கத்தில் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். பிறகு பரணைப் பார்த்தார்.

"அது வந்து, நடுவுல வச்சு நசுக்குறது மேடம்."

"நசுக்குறதுன்னா?"

"நசுக்குறதுதான். அந்தக் காலத்துல செஞ்சாக. இப்ப யாரு செய்யுறா, பாவம்ல."

அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். முன்னோர் செய்த கொடுமையை நினைத்து அந்த அம்மாவுக்கு மனசு தாங்கவில்லை என்று நான் நினைத்தேன்.

"உங்க தாத்தா என்ன வேலை பார்த்தார்?"

"ஊர் மணியக்காரர். இந்தச் சுத்துல வரி வசூலு அவுகதான்."

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றியது. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, எதை நசுக்குவீர்கள் என்பது. அதை நான் கேட்கவில்லை. விடை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பதிவேட்டில் "மாட்டுக் கொட்டத்துப் பரணில் கிடைத்தது" என்று என் கையாலேயே எழுதிவிட்டு, கீழே அடுத்த வரியில் "சித்திரவதைக் கருவி" என்றும் எழுதினேன். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு நிமிடம் நிற்கவில்லை.

விளக்க அட்டை இப்படி இருந்தது: "கிட்டி. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வரி கட்ட இயலாத ஏழைக் குடிகளின் விரல்களை நசுக்கப் பயன்பட்ட கொடிய கருவி. மணியக்காரர் ஒருவரின் இல்லத்தில் கிடைத்தது. நன்கொடை:" என்று போட்டு, பொன்னுச்சாமியின் முழுப் பெயரும் ஊரும். நன்கொடை கொடுத்தவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துப் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சடிக்கச் சொன்னேன்.

கிட்டி எங்கள் அருங்காட்சியகத்தின் நட்சத்திரமாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால் கூட்டமாக நின்றார்கள். சென்னையில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்கு அதை அனுப்பும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. யாரோ ஒருவர் அட்டையை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது வடுகபட்டி வரைக்கும் போய்விட்டது. படத்தில் எழுத்து அத்தனையும் தெளிவாகத் தெரியும். கருவியின் ஒரு முனைதான் தெரியும்.

மூன்று மாதம் கழித்துப் பொன்னுச்சாமி அருங்காட்சியகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், அந்த எழுத்தை எடுத்துருங்க. இல்லைன்னா எங்க சாமானைத் திருப்பிக் குடுத்துருங்க."

என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் தோட்டத்துக் கிணறு இரண்டு குடும்பத்துக்குப் பொது. பாதி இவருடையது, பாதி தவசி என்பவருடையது. தவசி இவருக்கு மைத்துனர் முறை. ஒரே மோட்டார். ஒருநாள் இவருக்குத் தண்ணீர், மறுநாள் அவருக்கு. மோட்டார் ரூம் சாவி எப்போதும் தவசியிடம்தான் இருக்கும், இத்தனை வருடத்தில் அதில் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. இப்போது தவசி சாவியைத் தர மறுக்கிறார்.

"கிணத்துல எங்க பாதி, என் தாத்தா அவுக தாத்தாகிட்ட வெலைக்கு வாங்குனது மேடம். பத்திரம் இருக்கு, கைநாட்டு இருக்கு. இப்ப என்ன சொல்றாருன்னா, அந்தக் கைநாட்டை எப்படி வாங்குனாகன்னு உங்க ஆபீஸ்லயே எழுதி மாட்டியிருக்காகல்ல, போய்ப் பாருங்கிறாரு. விரலை நசுக்கி வாங்குன கெணறாம். எட்டு நாளாச்சு. வாழை குலை தள்ளுற நேரம். இன்னும் ஒரு வாரம் போனா ஒண்ணும் தேறாது."

"கிட்டின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கிட்டிதான் மேடம். ஆனா அது மனுசனுக்கு இல்ல, மாட்டுக்கு உள்ளது."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. மணியக்காரர் பேரன், தாத்தா பெயரைக் காப்பாற்ற இப்போது மாடு என்கிறார் என்று நினைத்தேன்.

"மாட்டுக்குன்னா, மாட்டில் எங்கே வைப்பீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "பின்னால" என்றார்.

"பின்னால எங்கே?"

"பின்னாலதான் மேடம்." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இங்கன சார் யாரும் இல்லையா? ஆம்பளை ஆபீசர் யாராச்சும்?" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இருபது வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு பெண் சொன்னால் எடுபடாது, ஆண் அதிகாரி வந்து சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். "இங்கே ஆபீசர் நான்தான். ஆதாரம் இருந்தால் கொண்டுவாங்க, பார்க்கலாம்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கும்பிடு இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அன்று பிற்பகல் கிட்டியைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். உண்மையைத் தேடி எடுத்தேன் என்று பெருமை பேச மாட்டேன். நான் சொன்னதுதான் சரி என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் எடுத்தேன்.

என் நான்கு விரல்களை நடுவில் வைத்து, உதவியாளரை இறுக்கச் சொன்னேன். விரல்கள் நசுங்கவில்லை. கட்டைகளின் உள்பக்கம் நடுவில் லேசான குழிவு இருந்தது. அது தேய்ந்து வந்த குழிவு இல்லை, வேண்டுமென்றே வழவழப்பாக இழைத்தது. என் விரல்கள் அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன. வலிக்க வைக்கிற கருவியில் யாராவது மெனக்கெட்டுக் குழிவு எடுத்து இழைப்பார்களா? திருப்பிப் பார்த்தேன். ஒரு கட்டையின் முதுகில், ஒரே இடத்தில், தட்டித் தட்டி அமுங்கிய தடம். விரலை நசுக்க இறுக்கினால் போதும், எதற்காக மேலே தட்ட வேண்டும்? உள்பக்கம் முழுக்க எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. யாருடைய விரலை நசுக்குவதற்கு முன்னால் எண்ணெய் தடவுவார்கள்?

மூன்று மாதமாக இந்தத் தடங்கள் எல்லாம் அதன்மேலேயே இருந்திருக்கின்றன. தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் என் நாற்காலிக்குப் போனேன். குத்தூசியின் பள்ளத்தை ஊசியால் சுரண்டிய அதே ஆள்தான், இதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. குத்தூசியைப் பற்றி எனக்கு முன்கூட்டி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, அதனால் அதைப் பார்த்தேன். இதன் பெயரை ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன், அதனால் இதைப் பார்க்கவில்லை.

அட்டையை அப்போதே எடுத்துவிட்டேன். கண்காட்சிக்கு அனுப்ப இயலாது என்று சென்னைக்கு ஒரு வரி எழுதினேன். காரணம் கேட்டுத் திருப்பி எழுதுவார்கள் என்று தெரியும். எழுதட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலை, கிட்டியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வடுகபட்டி கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அங்கே கால்நடை உதவியாளராக இருந்தவர் என் வயதுப் பெண்மணி. துணியைப் பிரித்ததும் அவர் சிரித்தார்.

"இதை எங்கன புடிச்சீக மேடம்? நான் எங்க ஊர்ல சின்னதுல பாத்தது."

"மாட்டுக்கு உள்ளதா?"

"காளைக்கு. காயடிக்கிறது." அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து எஃகினால் செய்த பெரிய இடுக்கி ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "இப்ப இது. முன்ன அது. காளையைக் கீழ சாய்ச்சு, காலைக் கட்டி, பின்னால இந்த ரெண்டு கட்டைக்கு நடுவுல நரம்பைக் குடுத்து, மேல தட்டுவாக. தோல் கிழியக்கூடாதுல்ல, அதுக்குத்தான் எண்ணெய் போட்டு, உள்ள இப்படி இழைச்சிருக்காக. பாவம், கத்தும் பாருங்க."

பின்னால என்று சொல்லிவிட்டுப் பொன்னுச்சாமி சுவரைப் பார்த்தது, அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனது, பாவம்ல என்றது, ஆம்பளை ஆபீசர் இல்லையா என்று கேட்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. அந்த மனிதர் என்னை மதித்திருக்கிறார். ஒரு பெண் அதிகாரி முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லக் கூசியிருக்கிறார். தன் வாழை காய்கிறபோதும், தாத்தா பெயர் நாறுகிறபோதும்கூட அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் பாதியில் விட்ட வாக்கியத்தை நான் என் புத்தகத்தை வைத்து முடித்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அந்தப் பெண்மணி டீ வாங்கிவரச் சொன்னார், எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேராகப் பொன்னுச்சாமியின் ஊருக்குப் போனேன். அவரை வீட்டில் பார்த்து, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு, கிணற்றடிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். போகிற வழியில் வாழை இலைகள் ஓரம் சுருண்டு பழுத்திருந்தன. மோட்டார் ரூம் வாசலில் தவசி உட்கார்ந்திருந்தார். பொன்னுச்சாமி வயதுதான். என்னை யார் என்று பொன்னுச்சாமி சொன்னதும் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் துணியைப் பிரித்துக் கிட்டியை அவர் கையில் கொடுத்தேன். விரித்தார், மூடினார். முகம் மாறியது.

"ஏலே மாப்ள, இது காயடிக்கிற கிட்டிடா."

"அதைத்தானே மச்சான் நானும் கத்துறேன்."

"எங்க மயிலைக் காளைக்கு இதுலதான போட்டாக. முன்னங்காலை அமுக்கிப் புடிச்சதே நாந்தானே. ஒரு ஒதை விட்டுச்சு பாரு, இங்கன இன்னும் தழும்பு இருக்கு." சொல்லிவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. பொன்னுச்சாமியும் சிரித்துவிட்டார். விஷயம் முடிந்தது என்று எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் தவசி சாவியை எடுக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் மறுபடி வாசலில் உட்கார்ந்து, கிட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், எங்க தாத்தாவுக்கு வலது கையில ரெண்டு விரல் கோணலா இருக்கும். கமலை உருளையில மாட்டிக்கிச்சுன்னு வீட்டுல சொல்லுவாக. நாங்களும் அப்படித்தான் நெனச்சிருந்தோம். நீங்க எழுதுனதைப் போன்ல எங்க அய்யாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். எண்பத்தஞ்சு வயசு அவுகளுக்கு. எங்கப்பன் விரலை நசுக்கிட்டாகளேன்னு சின்னப்புள்ளை மாதிரி அழுதாக. அதைப் பாத்துட்டுத்தான் வந்து பூட்டுனேன். இப்ப இது மாட்டுக்கு உள்ளதுன்னு தெரியுது. அப்ப எங்க தாத்தா விரலு எதுல போச்சு?"

பொன்னுச்சாமி என்னைப் பார்த்தார். அவர் கண் கெஞ்சியது. கமலை உருளைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாவி கைக்கு வந்துவிடும், தண்ணீர் பாய்ந்துவிடும். அதிகாரி சொன்னால் தவசி நம்புவார். ஒரு முறை எழுதியதை நம்பினவர்தானே.

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றேன். "கமலையிலயும் மாட்டியிருக்கலாம். வேற எப்படியும் நடந்திருக்கலாம். இந்தக் கட்டை யார் விரலையும் நசுக்கலை, அதை மட்டும் என்னால உறுதியாச் சொல்ல முடியும். உங்க தாத்தாவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமலே எழுதிட்டேன்."

பணிக்காலத்தில் நான் பேசியதிலேயே எனக்குக் கஷ்டமாக இருந்த பேச்சு அதுதான். பொன்னுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். தவசி வாழையைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"போய்ப் போடு மாப்ள. வாழை என்ன பாவம் பண்ணுச்சு."

மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாயிலிருந்து முதலில் காற்று, அப்புறம் தண்ணீர். பொன்னுச்சாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலை நோக்கி ஓடினார். நான் கிட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

"அய்யாகிட்ட நீங்களே வந்து சொல்லணும் மேடம்" என்றார் தவசி. "எழுதுனது நீங்கதானே. நான் சொன்னா, மாப்ளைக்குப் பரிஞ்சு பேசுறேம்பாக."

அது நியாயம்தான். போனேன்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கண் நன்றாகத் தெரிந்தது, காது கொஞ்சம் மந்தம். தவசி அவர் காதருகே குனிந்து நான் யார் என்று சொன்னார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டியை அவர் மடியில் வைத்தேன். பார்த்த உடனே அவருக்கும் தெரிந்துவிட்டது. காளைக்குப் போடுறது என்று அவரே சொன்னார். எனக்கு வேலை சுலபமாகிவிட்டது என்று நினைத்தேன்.

"ஆமாங்கய்யா. மனுசங்களுக்கு இல்லை. நான்தான் தப்பா எழுதிட்டேன். உங்க அப்பா விரலை இதுல வச்சு யாரும் நசுக்கலை."

அவர் கிட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். நான் எழுதியது தப்பு, அந்த அட்டையை எடுத்தாகிவிட்டது, புது அட்டை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு ஒரு பூண்டுப் பல்லை எடுத்து உரித்தார். எனக்கு மனசு நோகக்கூடாது என்கிற கனிவோடுதான் பேசினார்.

"நீ நல்ல மனசோட வந்து சொல்லுற ஆத்தா. ஆனா அங்கன எழுதியிருந்துச்சே."